அஞ்சலி அக்கா பார்த்த சிரிப்புப் படம்

அவளுடைய பெயர் அஞ்சலி இல்லை. ஆனால் அந்த நாளிதழ் அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், சம்பளம் போடுகிறவர்களே ஒரு கணம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். மரண அறிவிப்பு, நினைவஞ்சலி, நன்றி நவிலல் என்று ஏழாம் பக்கத்தில் வருகிற கட்டங்களையெல்லாம் வாங்கி, திருத்தி, அச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. 'அஞ்சலி செக்‌ஷன் அக்கா' என்று ஆரம்பித்தது. நடுவில் இருந்த செக்‌ஷன் தேய்ந்துபோய் 'அஞ்சலி அக்கா' நின்றுவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்கள் அதையே பெயர் என்று நம்பி, "பேருக்கேத்த வேலையாப் பார்த்துக் கொடுத்திருக்காங்களே!" என்று வியப்பார்கள். அவளும் திருத்தமாட்டாள். ஊரார் பெயரையெல்லாம் பிழையில்லாமல் போடுகிறவளுக்குத் தன் பெயரைப் பற்றி அவ்வளவு அக்கறை இல்லை.

கீழ்த்தளத்தில், வாசலை ஒட்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவள் இடம். தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். வருகிறவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததும் அழுவார்கள். மீதிப் பேர் சண்டை போடுவார்கள். பெரியவன் பெயர் முதலிலா, செலவு செய்தவன் பெயர் முதலிலா? மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் அவர் படித்த படிப்பெல்லாம் வரவேண்டுமா? பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைச் சேர்ப்பதா, விடுவதா? அவள் குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் ஒரு வழிக்குக் கொண்டுவருவாள். "எப்படி எழுதுறதுன்னே தெரியலம்மா" என்று கையைப் பிசைகிறவர்களுக்கு அவளே எழுதிக் கொடுப்பாள். உயிரோடு இருந்தபோது வீட்டையே ஆட்டிவைத்த மனிதர்கூட அவள் கையால் மறுநாள் காலையில் 'அன்பே உருவானவர்' ஆகிவிடுவார். அதை அவள் பொய் என்று நினைத்ததில்லை. போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை. அந்தக் கட்டத்துக்குள் அதற்குமேல் இடமும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்று நடந்தது. அப்பாவைப் பறிகொடுத்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, பின்னால் விளம்பரப் பிரிவில் யாரோ ஏதோ ஜோக் அடிக்க, இவளுக்கு உதட்டோரம் லேசாக இழுத்துவிட்டது. அவ்வளவுதான். "எங்கப்பா செத்தது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?" என்று அவர் எழுந்துவிட்டார். இவள் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு, அழாத குறையாக மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள். அன்றிலிருந்து முகத்தை இறுக்கிவைத்துக்கொள்ளப் பழகினாள். முதலில் அலுவலகத்தில் மட்டும்தான். பிறகு பேருந்தில். பிறகு வீட்டிலும் அந்த முகமே நிலைத்துவிட்டது. கல்யாண வீடுகளில் புகைப்படக்காரர்கள், "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போவார்கள்.

அவளுக்கு வாய்த்த கணவரோ நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் கிணறு மாதிரியான சுவர்களுக்கு நடுவில் கம்பிவடத்தைப் பிடித்துத் தொங்குகிற வேலை. ஆனால் மனிதர் வாயெல்லாம் பல். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவர், லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மாடியில் குடியிருந்து படியேறி மூச்சு வாங்குவதைத் தானே சொல்லித் தானே சிரிப்பார். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை வீட்டில் தெரியாதபடி அவரே ஒரு பிள்ளை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருப்பார் என்று அவள் தன் தோழியிடம் சொல்லியிருக்கிறாள்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. 'மூணு சகலை' படங்கள். அக்கா தங்கை மூவரைக் கட்டிய மூன்று சகலைகள் ஒரே நாளில் வேலையை இழந்து, ஒரு ஓட்டை லாரியை வாங்கி, வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில் நடத்துகிற கதை. முதல் படத்தில் ஒரு வீட்டுச் சாமானை இன்னொரு வீட்டில் இறக்கிவிட்டு, இரண்டு குடும்பங்களையும் சம்பந்தியாக்கிவிட்டு வருவார்கள். இரண்டாம் படத்தில் கட்டில் வெளியே வரவில்லை என்று சுவரை இடிப்பார்கள். அது பக்கத்து வீட்டுச் சுவராக இருக்கும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரண்டும் மனப்பாடம். அந்தப் படங்களின் வசனத்தைச் சொல்லித்தான் அவரும் அவருடைய கூட்டாளிகளும் லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் போடுவார்கள். அவளை எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும், "நீங்க போயிட்டு வாங்க, எனக்குத் தலைவலி" என்றுவிடுவாள்.

மூன்றாவதும் கடைசியுமான படம் வரப்போகிறது என்று ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். 'மூணு சகலை: கடைசி லோடு'. ஆனால் பெரிய சகலையாக நடித்த கிழவர் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே காலமாகிவிட்டார். அவர் இல்லாமல் எப்படி எடுத்திருப்பார்கள் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி.

அந்த நேரத்தில் நாளிதழின் சினிமா விமர்சகருக்கு அம்மை போட்டது. ஐம்பது வயதில் சின்னப் பிள்ளைக்கு வருகிற அம்மை வந்ததைச் சொல்லி அலுவலகமே சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை படம் வருகிறது, சனிக்கிழமை விமர்சனம் வந்தாக வேண்டும். நிருபர்கள் எல்லோரும் தேர்தல் வேலையில். அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து கண்ணாடித் தடுப்பைத் தட்டினார்.

"அக்கா, ஒரு உதவி."

ஆசிரியர் அவளைவிடச் சின்னவர். அவர் 'அக்கா' என்று இழுத்தாலே ஏதோ வேலை வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்க சார். யாரு தவறிட்டாங்க?"

"யாரும் தவறல. ஒரு படத்துக்குப் போய்ட்டு வந்து எழுதணும். சிரிப்புப் படம்."

அவள் எழுதுகோலை மூடிவைத்தாள். "என்னை வச்சு காமெடி பண்ணாதீங்க சார்."

"நிஜமாத்தான் சொல்றேன். ஒரு மனுஷனோட ஆயுசையே நாலு வரியில எழுதிடுறீங்க. ஒரு படத்தை எழுத முடியாதா? அதுவும் கடைசிப் படம். முடிஞ்சுபோன விஷயத்தைப் பத்தி எழுத உங்களை விட்டா இங்க யாரு இருக்கா?"

மறுக்கத்தான் நினைத்தாள். ஆனால் சாயங்காலம் வீட்டில் வாய்தவறி இதைச் சொன்னதும் கணவர் துண்டைத் தூக்கி எறிந்து குதித்த குதியில், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன உடைந்தது என்று கேட்டார். அதற்குப் பிறகு மறுக்க வழியில்லை.

முதல் இரண்டு படங்களையும் பார்க்காமல் மூன்றாவதற்குத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்று அவளுக்குப் பட்டது. சொல்லியும் விட்டாள். கணவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்த சாயங்காலங்களில் தொலைக்காட்சி முன்னால் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இப்பப் பாரு… இப்பப் பாரு… இவன் போய்க் கதவைத் திறப்பான்… கதவே கையோட வந்துரும்!"

கதவு கையோடு வந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு தடவையாவது சிரிக்கலாம்ல?"

"சிரிச்சேனே."

"எப்போ?"

"உள்ளுக்குள்ள."

"உள்ள சிரிச்சா எனக்கு எப்படித் தெரியும்? அங்க என்ன ஜன்னலா வச்சிருக்கு?"

உண்மையில் அவளுக்குப் படங்கள் பிடித்திருந்தன. முக்கியமாக அந்தப் பெரிய சகலை. சாமான் தூக்கும்போது ஒரு கையும் வைக்காமல் ஓரமாக நின்று, "தூக்கு… மெதுவா… திருப்புடா தடியா!" என்று உத்தரவு மட்டும் போடுகிற மனிதர். அவருடைய சத்தத்துக்குத்தான் மற்ற இருவரும் இயங்குவார்கள். இப்படிப்பட்டவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு அவளிடம் வருகிற பிள்ளைகள், "அப்பா பார்த்துக்குவாரு, அப்பா பார்த்துக்குவாருன்னே இருந்துட்டோம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. கணவர் அரைநாள் விடுப்பு எடுத்து, கூட்டாளிகளையும் திரட்டி வந்திருந்தார். அரங்கு நிரம்பி வழிந்தது. திரையில் லாரி தெரிந்ததும் விசில் காதைப் பிளந்தது. அவள் மடியில் தாளையும் எழுதுகோலையும் வைத்துக்கொண்டு, அலுவலக முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

விசில் சீக்கிரமே அடங்கியது. பெரிய சகலையின் இடத்துக்கு அவருடைய தம்பி என்று ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் கண்ணை உருட்டினார். வழுக்கி விழுந்தார். எழுந்து மறுபடி விழுந்தார். மற்ற இரண்டு சகலைகளும் அவரைச் சுற்றி ஓடியாடிக் கத்தினார்கள். அரங்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரிப்புக் கேட்டது. கணவர் விடாமல் சிரித்தார். ஆனால் அவருடைய சிரிப்பை இத்தனை வருடம் கேட்டவள் அல்லவா? அது வயிற்றிலிருந்து வரவில்லை. குளிர்ந்துபோன எஞ்சினைக் கிளப்புவதுபோல் தொண்டையிலேயே உதறிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் திரையில் யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்தப் பீரோ வந்தது.

பெரிய சகலையின் மனைவி வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறாள். லாரியை விற்பதற்கு முன் கடைசி லோடு அதுதான். கண்ணை உருட்டும் தம்பியை நல்லவேளையாக எங்கோ அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த இரண்டு சகலைகளும் பெரியவருடைய இரும்புப் பீரோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்குகிறார்கள். படி திரும்புகிற இடத்தில் பீரோ மாட்டிக்கொள்கிறது. "மெதுவா" என்கிறான் ஒருவன். "மெதுவா" என்கிறான் மற்றவன். இருவருக்கும் அடுத்த சொல் தெரியவில்லை. அதைச் சொல்லவேண்டியவர் இல்லை. பீரோவைத் தாங்கியபடி, ஆளுக்கொரு பக்கம், இருவரும் காத்திருக்கிறார்கள். இசை இல்லை. வசனம் இல்லை. அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. பீரோவின் கனம் அத்தனை பேர் கையிலும் இறங்கிவிட்டது.

அப்போது கீழேயிருந்து பெரியவருடைய மனைவி, அச்சு அசல் அவருடைய குரலில், "திருப்புடா தடியா!" என்று ஒரு சத்தம் போடுகிறாள்.

இருவரும் ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள். ஆளுக்கொரு திசையில்.

பீரோ நழுவி, படியில் தடதடவென்று இறங்கி, அந்த அம்மாள் ஒரு அடி ஒதுங்கி வழிவிட, வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, லாரியில் சாய்த்துவைத்திருந்த பலகைமேல் ஏறி, போய் நிற்கவேண்டிய இடத்தில் கச்சிதமாக நின்றது. ஒரு கீறல் இல்லை. மூன்று படங்களில் அவர்கள் உடைக்காமல் ஏற்றிய முதல் சாமான்.

அவள் சிரித்தாள். உள்ளுக்குள் இல்லை. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, அடக்கப் பார்த்தாள், அது தோளைக் குலுக்கி, வாயைத் திறந்து, அரங்கின் கூரையில் போய் மோதியது. எழுதுகோல் எங்கோ உருண்டது. கண்ணில் நீர் கொட்டியது. அந்த நீர் சிரிப்பால் வந்ததா, வேறு எதனாலா என்று அவளுக்கே தெரியவில்லை. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தே இன்னும் சிரித்தார்கள். கணவர் படத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து ஓய்ந்தபோது கன்னம் வலித்தது. பழக்கமில்லாத வேலையைச் செய்த உடம்பு மாதிரி.

படம் அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. லாரியைக் கடத்த ஒரு வில்லன் வந்தான். தம்பி திரும்பி வந்து, நீதிமன்றத்தில் குடும்பப் பாசத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். எல்லோரும் அழுதுகொண்டே பாடினார்கள். கடைசியில் பெரிய சகலை மேகத்துக்கு நடுவில் தோன்றிக் கையசைத்தார். இரண்டு படம் முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்த மனிதர், மேகத்தில் ஒரு வார்த்தை பேசாமல் புன்னகை செய்தார். அவளுக்குச் சங்கடமாக இருந்தது. யாரோ ஒருவருடைய படத்துக்குக் கீழே வேறு யாருடைய பெயரையோ அச்சடித்துவிட்டது மாதிரி.

வெளியே வந்ததும் கணவர் கேட்டார். "நல்லா இருந்துச்சுல்ல?"

"பீரோ சீன் ரொம்ப நல்லா இருந்துச்சு."

"மத்தது?"

அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, இது கடைசிப் படம். ஆளும் போய்ச் சேர்ந்துட்டாரு. குத்தம் குறை எதுவும் எழுதிடாதே. உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியாததா? அதைத்தானே இத்தனை காலம் செய்துவருகிறாள். அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்ததும் கை தானாக ஓடியது. 'மக்களைச் சிரிக்கவைத்த மூணு சகலை வரிசை இனிதே நிறைவுற்றது. நகைச்சுவையும் பாசமும் ஒருங்கே அமைந்த இப்படம் ரசிகர்களின் நெஞ்சில் என்றும் நிலைத்திருக்கும்.' இப்படியே போய் அழகாக முடிந்தது. ஒரு பிழை இல்லை.

ஆசிரியர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அக்கா, படத்துக்குப் போகலாமா, வேண்டாமா?"

"அது… அவங்கவங்க விருப்பம் சார்."

"இதைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டலாம். விமர்சனமாப் போட முடியாது. படம் சாகலக்கா. சாயங்காலமே ஜனங்க வரிசையில நிப்பாங்க."

"முடிஞ்சுபோனதைப் பத்திக் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்ல சார். வேற யார்கிட்டயாவது கொடுங்க."

"வேற யாருமில்ல" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

கீழே வந்து தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கணக்குப் பிரிவில் இருக்கும் அவளுடைய தோழி டீ குடிக்கக் கூப்பிட வந்தவள், தடுப்பில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "நீ பார்த்துட்டியாமே! நாளைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். எப்படி இருக்கு? போகலாமா?"

"போ, போ" என்றாள் இவள், யோசிக்காமல். "லேட்டாப் போனாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. முதல் பாதியில ஒருத்தர் கண்ணை உருட்டிகிட்டே இருப்பாரு, பாவம், அவருக்கே சிரிப்பு வரல. ஆனா இடைவேளைக்கு அப்புறம் ஒரு பீரோ வரும் பாரு! அந்த நேரம் பாத்ரூம் பக்கம் போயிடாதே. நான் கத்திச் சிரிச்சுட்டேன்டி."

"நீயா?"

"நானேதான். அது முடிஞ்சதும் பிள்ளைங்க கையைப் பிடிச்சுகிட்டு எந்திரிச்சு வந்துரு. அதுக்கப்புறம் அந்த மனுஷனை மேகத்துல ஏத்தி ஊமையாக்கிட்டாங்க. பாக்கச் சகிக்கல."

சொல்லி முடித்தபோது தோழி வாயைப் பிளந்து நின்றிருந்தாள். இவளுக்கும் தூக்கிவாரிப்போட்டது. கேட்டவள் பிழைக்க ஒரு வழி சொன்னோமே தவிர, யாரையும் அவமதித்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. அந்தக் கிழவருக்குக்கூட இதுதான் மரியாதை என்று பட்டது.

"டீ அப்புறம் குடிக்கலாம்" என்று புதுத்தாளை எடுத்தாள். சொன்னதை எழுத்துநடைக்கு மாற்றியதோடு சரி. வேறு எதையும் மாற்றவில்லை. 'பீரோ லாரியில் ஏறியதும் நீங்களும் எழுந்து வந்துவிடலாம்; அதுதான் இந்த வரிசையின் உண்மையான முடிவு' என்று முடித்தாள். ஆசிரியர் படித்துக்கொண்டே சிரித்தார். விமர்சனத்தின் கீழே போட அவர் கேட்டது அவளுடைய சொந்தப் பெயரை. அதை அவர் தப்பாக எழுத, இவள் திருத்திக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் கணவர் டீயோடு நாளிதழைப் பிரித்தார். படித்தார். மடித்தார். டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அங்கே கூட்டாளிகள் விடுவார்களா? "உங்க வீட்டம்மா நம்ம சகலைங்களைத் தாளிச்சு எடுத்துட்டாங்களே!" என்று நாளெல்லாம் வறுத்தெடுத்தார்கள். சாயங்காலம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தவர், சோற்றில் கைவைத்தபின்தான் வாயைத் திறந்தார்.

"நீ எழுதினதுல பொய் இருந்தா எனக்குக் கோவமே வந்திருக்காது."

அவள் ரசத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முதல் பாதி பூரா நான் சிரிச்சேனே, கவனிச்சியா?"

"கவனிச்சேன். நீங்க சிரிக்கல."

அவர் சோற்றைப் பிசைந்தார். "ஆமா. சும்மா சத்தம் கொடுத்தேன். அந்த ஆளு இல்லாததை ஒத்துக்க மனசு வரல." பிறகு நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு. நீ சிரிச்சியே, அதுக்காகவே அந்தப் படத்தை எடுத்தவனுக்கு ஒரு கும்பிடு போடலாம். கடைசி அரைமணி நேரத்தையும் சேர்த்து மன்னிச்சு விட்டுடலாம்."

"நீங்க மன்னிங்க. நான் எழுதினதை மாத்த மாட்டேன்."

"சரிதான்டி, விமர்சகரம்மா" என்று அவர் சிரித்தார். இந்த முறை எஞ்சின் சரியாகப் பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் தியேட்டர் மேலாளர் நேரே கண்ணாடித் தடுப்புக்கு வந்துவிட்டார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தவரைப் பார்த்து, இவள் வழக்கம்போல் தண்ணீர் நீட்டி, மெல்லிய குரலில், "எப்போ நடந்துச்சு?" என்றாள்.

"தினம் நாலு வேளையும் நடக்குது மேடம்! பீரோ ஏறினதும் பாதி தியேட்டர் எந்திரிச்சுப் போகுது. கடைசி அரைமணி நேரம் காலி நாற்காலிக்குப் படம் ஓட்டுறேன்!"

"அய்யய்யோ" என்றாள்.

"போறவங்க வீட்டுக்குப் போனாலும் பரவாயில்ல. வாசல்ல நின்னு அந்தப் பீரோவை நடிச்சுக் காட்டுறாங்க. ஒருத்தர் கத்துறாரு, ரெண்டு பேர் திருப்புறாங்க. கேன்டீன்ல வடிகட்ட வடிகட்ட டீ பத்தல. உள்ள போறவங்களால உள்ள போக முடியல." தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் தானாகவே இறங்கி வந்தார். "உண்மையச் சொன்னா, இவ்வளவு பேர் சிரிச்ச முகமா வெளிய வந்து நான் பார்த்ததே இல்ல. பீரோ சீனுக்காகவே மறுபடி வர்றாங்க. இருந்தாலும், எல்லாரும் கடைசி வரைக்கும் உட்காருங்கன்னு ஒரு வரி போட முடியுமா?"

"பொய் சொல்லச் சொல்றீங்களே சார்."

"சரி, மெதுவா எந்திரிங்கன்னாவது போடுங்க."

திட்டியும் கடிதங்கள் வந்தன. கடைசிப் பாட்டில்தான் தன் அண்ணனை நினைத்து மனம்விட்டு அழுததாகவும், அதற்கு முன்பே எழுந்து போகச் சொல்ல இவள் யார் என்றும் ஒரு பெண் கேட்டிருந்தாள். அஞ்சலி அக்கா அதை இரண்டு தரம் படித்தாள். அந்தப் பெண் சொல்வதும் சரிதான் என்று ஆசிரியரிடம் சொல்லி, அந்தக் கடிதத்தை முழுதாகப் போடவைத்தாள்.

அந்த நாட்களில்தான் ஒருவர் தன் அப்பாவுக்கு அறிவிப்புக் கொடுக்க வந்தார். வயது, ஊர், உறவு எல்லாம் சொன்னார். "அன்பே உருவானவர்னு போட்டுரட்டுமா?" என்று கேட்கப்போனவள், எதனாலோ வேறு கேட்டாள்.

"அப்பா எப்படிப்பட்டவரு?"

அவர் தயங்கினார். "உள்ளதைச் சொன்னா… சரியான சண்டைக்காரரு. பஸ் கண்டக்டர்ல இருந்து டாக்டர் வரைக்கும் ஒருத்தரை விட்டதில்ல. ஆஸ்பத்திரியில கடைசியா என்கிட்ட சொன்னதே, 'இந்தத் தலகாணி சரியில்ல, கம்ப்ளெயின்ட் எழுது'ன்னுதான்." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் பயந்துபோய் இவள் முகத்தைப் பார்த்தார்.

இவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஏழாம் பக்கத்தில், 'யாருக்கும் அஞ்சாதவர், எதையும் சகிக்காதவர், எங்களுக்காக ஊரோடு மல்லுக்கு நின்ற எங்கள் அப்பா' என்று வந்தது. அன்று பகலில் அதே குடும்பத்திலிருந்து நாலைந்து பேர் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். குறை சொல்லத்தான் என்று நினைத்து எடுத்தாள். ஒவ்வொருவருக்கும் அந்த மனிதர் போட்ட சண்டை ஒன்று சொல்வதற்கு இருந்தது.

சினிமா விமர்சகர் உடம்பு தேறி வந்தார். வடுக்களைத் தடவிக்கொண்டே பழைய இதழ்களைப் புரட்டினார். தனக்குச் சிரிப்புப் படம் என்றாலே அலர்ஜி என்றும், அம்மை வந்ததே அந்தப் படத்தை நினைத்துத்தானோ என்று சந்தேகமாக இருக்கிறதென்றும், இனி அந்த வகையறாவையெல்லாம் அக்காவே பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டார். ஆசிரியர் இதற்காகவே காத்திருந்தவர்போல் தலையாட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு படம். யாரும் கேள்விப்படாத இயக்குநர், யாரும் கேள்விப்படாத நடிகர்கள். அஞ்சலி அக்கா காலையிலேயே வந்து, காத்திருந்த இரண்டு குடும்பங்களின் அறிவிப்புகளை முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எண்ணெய்க் கறை படிந்த சீருடையோடு கணவர் வாசலில் நின்றிருந்தார்.

"படம் எப்படி இருக்கும்னு நினைக்கிற?"

"பார்த்துட்டுச் சொல்றேன், வாங்க" என்று அவள் முன்னால் நடந்தாள்.